லாசரஸ் அண்ணன், இடது முழங்கால், இரண்டு நிமிடம்

என் கையெழுத்தை ஒலிபெருக்கியில் கேட்டது அன்றுதான் முதல் முறை.

"லாசரஸ் அண்ணன். இடது முழங்கால். இரண்டு நிமிடம்" என்று சர்ச் மாடியில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் சொன்னது. சாலமோன் அங்கிளின் குரல். உள்ளே இருந்த நூற்று எண்பது பேரும் ஒரே மூச்சில், "எங்கள் ஜெபத்தைக் கேட்டருளும்" என்றார்கள்.

நான் வெளியே வேப்பமரத்தடியில் காருக்குள் உட்கார்ந்திருந்தேன். கை கதவுப் பிடியில் இருந்தது. கதவு திறக்கவில்லை, ஏனென்றால் நான் திறக்கவில்லை. அது ஜெபக் குறிப்பு இல்லை. அது என் சொந்த டைரி.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் ஏதோ திருட்டு வேலை செய்து மாட்டிக்கொண்டவன் போலத் தோன்றும்.

என் பெயர் ஆல்வின். வயது நாற்பத்து நான்கு. சிறுசேரியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் பதினெட்டு பேருக்கு மேனேஜர். மாடம்பாக்கம் போகிற சாலையில் இருக்கும் எங்கள் சபைக்கு ஆறு வருடமாகச் செயலாளர். ஆராதனையில் அறிவிப்பு வாசிப்பது, ஜெபக் குறிப்பு வாசிப்பது, எல்லாம் முடிந்ததும் வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் கை கொடுத்து அனுப்புவது என் வேலை. ஆல்வின் மாதிரி கலகலப்பான ஆள் கிடையாது என்று எங்கள் சபையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சொல்லட்டும். அந்தப் பெயருக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

சின்ன வயதில் என்னை யாராவது "சாப்பிட்டியா" என்று கேட்டால், என்ன சாப்பிட்டேன், எதை மிச்சம் வைத்தேன், ஏன் வைத்தேன் என்று முழுக்கச் சொல்வேன். கேட்டவர் முகம் மாறும். ஏன் மாறுகிறது என்று புரியப் பல வருடம் ஆனது. கல்லூரியில் முதல் வருடம் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன்: "சாப்பிட்டியா என்பது சாப்பாட்டைப் பற்றிய கேள்வி அல்ல. ஆச்சு, நீங்க? என்றால் போதும்." அன்று ஆரம்பித்தது இன்று வரை நிற்கவில்லை. யாரிடம் எதைக் கேட்க வேண்டும், எங்கே சிரிக்க வேண்டும், எத்தனை நிமிடத்தில் கிளம்பினால் மரியாதை கெடாது என்று எல்லாவற்றையும் எழுதி வைப்பேன். ஞாயிறுதோறும் வாசலில் யாரிடம் என்ன கேட்பது என்று காலையிலேயே ஒரு பட்டியல் போட்டு, மனப்பாடம் செய்துகொண்டுதான் இறங்குவேன். பரீட்சைக்குக்கூட நான் இப்படிப் படித்ததில்லை.

எல்லாரும் இப்படித்தான் என்று நினைத்திருந்தேன். அவரவர் நோட்டை அவரவர் ஒளித்து வைத்திருக்கிறார்கள், நாகரிகம் கருதி யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை, அவ்வளவுதான் என்று.

மூன்று வாரத்துக்கு முன்பு அந்த நினைப்பில் மண் விழுந்தது. ஒரு வருடமாகவே எனக்கு ஒரு கோளாறு. ஆபீஸில் நாள் முழுக்க ஓடுவேன். வீட்டுக்கு வந்தால் கேஸ் சிலிண்டர் புக் பண்ண ஒரு பட்டனை அழுத்த முடியாது. போனைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருப்பேன். ஆனால் சபையின் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டை அகர வரிசைப்படி எழுதித் தரச் சொன்னால் சோறு தண்ணீர் இல்லாமல் பதினோரு மணி நேரம் எழுதுவேன். இதை என்னவென்று சொல்வது? கொழுப்பு என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தூக்கமும் போனபோது குரோம்பேட்டையில் ரூக்சார் என்கிற உளவியல் நிபுணரிடம் போனேன். அவர் மாத்திரை தருகிறவர் இல்லை என்பதுகூட எனக்குத் தெரியாது. நான்கு முறை வரவழைத்துக் கேள்வி மேல் கேள்வி கேட்டார். கடைசியில் ஒரு அறிக்கையைக் கையில் கொடுத்தார். ஆட்டிசம், கூடவே ஏடிஹெச்டி என்கிற கவனக் குறைபாடு என்று போட்டிருந்தது.

"அதெல்லாம் சின்னப் பசங்களுக்கு வர்றது இல்லையா மேடம்?" என்றேன்.

"நீங்களும் சின்னப் பையனா இருந்தவர்தானே சார்? அப்ப யாரும் கவனிக்கல" என்றார். "மத்தவங்களுக்குத் தானா நடக்கறத நீங்க ஒவ்வொண்ணா யோசிச்சு யோசிச்சு செய்யறீங்க. அதுலயே சார்ஜ் தீந்துடுது. அப்புறம் கேஸ் புக் பண்ண எங்கேருந்து வரும்? இதுக்குப் பேரு சோம்பேறித்தனம் இல்ல."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. நாற்பத்து நான்கு வருடம் கழித்து இதை வந்து சொல்கிறார்களே! அறிக்கையைக் காரில் டேஷ்போர்டு அறைக்குள், இன்ஷூரன்ஸ் பேப்பருக்கு அடியில் செருகினேன். என் மனைவி ஜீவிதாவிடம் சொல்லவில்லை. அவள் என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்ததே என் கலகலப்பைப் பார்த்துத்தான். அந்தக் கலகலப்பு ஒரு நோட்டிலிருந்து வந்தது என்று தெரிந்தால் அவள் என்னோடு இருப்பாளா? மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்பதெல்லாம் பிறகு. எனக்கு இந்தப் பயம் ஒன்றுதான்.

ரூக்சார் சொன்ன ஒன்றை மட்டும் செய்தேன். ஒவ்வொரு ஆளிடமும் பேச எவ்வளவு சார்ஜ் போகிறது என்று பெயருக்குப் பக்கத்தில் சதவீதம் போடச் சொன்னார். போட்டேன். உங்களை நீங்களே திட்டி எழுதாதீர்கள் என்றும் சொன்னார். அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இனி டைரி விஷயம். வருடா வருடம் எங்கள் சபையில் டைரி அச்சடிப்பார்கள். மெரூன் அட்டை, மேலே கோபுரப் படம். செயலாளர் என்பதால் எனக்கு இரண்டு. ஒன்றில் சபைக் காரியம், இன்னொன்றில் என் காரியம். இரண்டும் காரில் ஒன்றாகவே கிடக்கும். பெரிய புத்திசாலி நான்!

சனிக்கிழமை, கோவிலம்பாக்கத்தில் என் மச்சான் டேனியலின் புது வீட்டுப் பிரதிஷ்டை. ஐந்து மணி நேரம் இடைவிடாமல் சிரித்தேன். அதற்கு முந்தின வாரம் முழுக்க ஆபீஸில் புது ரிலீஸ். ஞாயிறு காலை சர்ச் வாசலில் ஜீவிதா பாடகர் குழுவுக்கு நேரமாகிறது என்று முதலில் இறங்கிப் போய்விட்டாள். நான் வேப்பமரத்தடியில் காரை நிறுத்தி, பட்டியலை எழுதி முடித்து, என்ஜினை அணைத்தேன். அவ்வளவுதான். எழுந்திருக்க முடியவில்லை. வலி இல்லை, மயக்கம் இல்லை. கால் என் பேச்சைக் கேட்கவில்லை. எழுத மட்டும் கை வந்தது. பட்டியலுக்குக் கீழே என்னை நானே நாலு வார்த்தை திட்டி எழுதினேன். வழக்கமாக அதற்கு உடம்பு பணிந்துவிடும். அன்று பணியவில்லை. டைரியை டேஷ்போர்டு மேல் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது ஜீவிதா பாடகர் அங்கியோடு ஓடிவந்தாள்.

"என்ன ஆல்வின், இன்னும் இங்கயே இருக்க?"

"தலைவலி."

"மூஞ்சியே சரியில்லையே. நீ இங்கயே கண்ண மூடிப் படு. அறிவிப்ப நான் சாலமோன் அங்கிள்கிட்ட குடுத்துடறேன்." டேஷ்போர்டு மேலிருந்த டைரியை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

பத்து நிமிடம் கழித்துத்தான் பின் சீட்டில் கிடந்த இன்னொரு டைரி கண்ணாடியில் தெரிந்தது. எட்டி எடுத்துத் திறந்தேன். சபை டைரி.

அறிவிப்புக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. நாற்பது அடி நடந்தால் போதும். டைரியை மாற்றிக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடலாம். ஜீவிதாவுக்கு போன் அடித்தேன். அது அவள் கைப்பையில், சைலன்ட்டில் இருக்கும். "டைரி மாறிடுச்சு" என்று மெசேஜ் போட்டேன். இரண்டு டிக் விழுந்தது, நீலமாகவில்லை. கதவுப் பிடியில் கை வைத்தேன். உள்ளே ஒரு பாட்டு முடிந்தது, வேத வாசிப்பு முடிந்தது, இன்னொரு பாட்டும் முடிந்தது. கை வைத்தபடியே இருந்தது.

ஆயர் அன்று கிளைச் சபைக்குப் போயிருந்தார். அதனால் உள்ளே எல்லாம் சாலமோன் அங்கிள்தான். அவர் முப்பது வருடம் ரயில்வே முன்பதிவு கவுன்ட்டரில் இருந்து ஓய்வு பெற்றவர். நீட்டிய தாளில் என்ன எழுதியிருக்கிறதோ அதை அப்படியே எடுத்துக்கொள்வார். ஏன், எதற்கு என்று கேட்கிற வழக்கம் கிடையாது. டைரியில் அன்றைய தேதி. கீழே வரிசையாகப் பெயர்கள். பெயருக்குப் பக்கத்தில் முழங்கால், பிரசவம். வியாதியஸ்தருக்கான ஜெபக் குறிப்பு என்று நினைத்துவிட்டார். எங்கள் சபையிலோ ஒரு பெயர் வாசித்து முடிந்ததும் எல்லாரும் பதில் சொல்லிவிடுவார்கள். தூக்கத்தில் தட்டி எழுப்பினாலும் சொல்வார்கள்.

"பன்னிரண்டு சதவீதம்" என்று லாசரஸ் அண்ணனை முடித்துவிட்டு ஸ்பீக்கர் அடுத்த பெயருக்குப் போனது. "சரசு அக்கா. மகள் பிரசவம். பேரன் போட்டோ காட்டினால், அப்படியே தாத்தா ஜாடை என்று சொல்லவும். பதினைந்து சதவீதம்."

"எங்கள் ஜெபத்தைக் கேட்டருளும்." குரல் கொஞ்சம் குறைந்திருந்தது.

"தாவீது. தோளில் தட்டுவார். பல்லைக் கடித்துக்கொள்ளவும்."

உள்ளே யாரோ சிரித்துவிட்டார்கள். யாரோ "என்ன வாசிக்கறார்?" என்று கேட்டதுகூட மைக்கில் விழுந்தது. நிறுத்துங்கள் அங்கிள், நிறுத்துங்கள் என்று காருக்குள் கத்தினேன். அது கத்தலா முனகலா என்று எனக்கே தெரியாது. பாதியில் நிறுத்தினால் மிச்சப் பேருக்கு ஜெபம் சேராமல் போய்விடும் என்று நினைத்தாராம். பிறகு சொன்னார்.

"ஜீவிதா" என்றது ஸ்பீக்கர்.

கதவுப் பிடியை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

"ஜீவிதா. மதியம் கறிக்குழம்பு நன்றாக இருக்கிறது என்று இரண்டு முறை சொல்லவும். அவள் பேசும்போது கண்ணைப் பார்க்கவும். மூன்று எண்ணவும், பார்வையை எடுக்கவும், மறுபடி பார்க்கவும். முப்பது சதவீதம்."

அதற்குப் பத்துப் பேர்தான் பதில் சொன்னார்கள். அடுத்த பெயரை வாசித்த பிறகு சாலமோன் அங்கிளே ஒரு கணம் தயங்கினார்.

"ஆல்வின். சோம்பேறி நாயே, எழுந்திரு. எல்லாரும் மனுஷன் மாதிரி இறங்கிப் போகிறார்கள். உனக்கு மட்டும் என்ன கேடு? எழுந்திரு நாயே."

பின்வரிசையில் காது மந்தமான மூன்று நான்கு பேர் பழக்கத்தில், "எங்கள் ஜெபத்தைக் கேட்டருளும்" என்றார்கள். பிறகு மைக் கீச்சென்று கத்தி அடங்கியது.

அந்தத் திட்டு எனக்குப் புதிதில்லை. தினமும் பல் துலக்குவதற்கு முன்பே கேட்கிறதுதான். ஆனால் இத்தனை வருடமாக எனக்கு மட்டுமே கேட்ட ஒன்றை இன்னொரு மனிதர் வாயால், வெளியே, பகலில் கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவ்வளவு கொடூரமாகவா இருந்தது அது? தெருவில் ஒருவன் இன்னொருவனை இப்படித் திட்டினால் நான் நின்று விலக்கிவிட்டிருப்பேன்.

உள்ளே அவசரமாக ஒரு கீர்த்தனையை ஆரம்பித்தார்கள். ஜீவிதா வந்தாள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கதவை அறைந்து சாத்தினாள். டைரி அவள் கையில் இருந்தது. முகம் வெளுத்திருந்தது.

"லாசரஸ் அண்ணனுக்குப் பன்னெண்டு. எனக்கு முப்பதா?"

பொய் சொல்ல எனக்குத் தெம்பு மிச்சமில்லை. "ஆமா."

"அப்ப கறிக்கொழம்பு நல்லா இருக்குன்னு இத்தன வருஷம் சொன்னதெல்லாம்?"

"கொழம்பு நல்லாதான் இருக்கும். ரெண்டு தடவ சொல்றதுதான் எழுதி வெச்சது."

அவள் சிரிக்கவில்லை. "கண்ணப் பாக்கறதக்கூட எண்ணி எண்ணிப் பாத்திருக்க. பதினஞ்சு வருஷமா நான் யாரோட குடும்பம் நடத்தினேன், ஆல்வின்?"

எந்தக் கேள்விக்கு மூன்று வாரமாகப் பயந்தேனோ அந்தக் கேள்வி வந்தேவிட்டது. "உன்கிட்டதான் ஜீவி ரொம்ப நடிச்சேன்" என்றேன். "மத்தவங்க போனா போகட்டும்னு விட்டுடலாம். நீ போயிட்டா நான் என்ன பண்ணுவேன்?" டேஷ்போர்டு அறையைக் கையால் காட்டினேன். அவள் திறந்தாள், இன்ஷூரன்ஸ் பேப்பரைத் தள்ளிவிட்டு அறிக்கையை எடுத்தாள், முதல் பக்கத்திலிருந்து உதடு அசையப் படிக்க ஆரம்பித்தாள்.

அதற்குள் ஆராதனை முடிந்து கூட்டம் வெளியே வந்தது. செயலாளர் கை கொடுக்காமல் எங்கள் சபையில் யாரும் வீட்டுக்குப் போனதில்லை. அன்று வாசல் காலி. ஒரு சிலர் அங்கே வந்து நின்று, கையை என்ன செய்வதென்று தெரியாமல் இறங்கிப் போனார்கள். சரசு அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டே காரைத் தாண்டினார். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அந்தப் பேரன் தாத்தா ஜாடையே இல்லை.

லாசரஸ் அண்ணன் மட்டும் காலை இழுத்து இழுத்து வந்து என் பக்கத்து ஜன்னலில் நின்றார். கொத்தனார் வேலை பார்த்தவர். கண்ணாடியை இறக்கினேன்.

"இன்னா தம்பி, ரெண்டு நிமிசம்னு எழுதி வெச்சிகினுதான் எங்கிட்ட பேசிகினு இருந்தியா?"

"மன்னிச்சிடுங்கண்ணா."

அவர் மன்னித்ததாகச் சொல்லவில்லை. "எங்க வூட்ல ஆறு பேரு கீறாங்க. எந்தக் காலு வலிக்குதுன்னு கேட்டா ஒருத்தனுக்கும் தெரியாது. நீ எடதுன்னு எழுதி வெச்சிகீற." கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார். "சரி, ரெண்டு நிமிசம் ஆயிப்போச்சி. நான் கெளம்பறேன்" என்று திரும்பி நடந்தார். அவர் கேலி செய்தாரா, வருத்தப்பட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குக் கண் கரித்தது.

ஜீவிதா அறிக்கையை மடித்து மடியில் வைத்தாள். பிறகு டைரியைத் திறந்தாள். என் பயமெல்லாம் அவள் பெயர் இருக்கும் வரிகளைத் தேடப்போகிறாள் என்பதுதான். அவள் தேடவில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் அடிப்பகுதியை மட்டும் பார்த்துக்கொண்டே பின்னோக்கிப் புரட்டினாள்.

"தண்டச்சோறு" என்று வாசித்தாள். புரட்டினாள். "பொணம், எழுந்திரு." புரட்டினாள். "நீயெல்லாம் ஒரு ஆளா." "இதெல்லாம் யார் எழுதினது?"

"நான்தான்."

"தெனமுமா?"

"எழுதினாத்தான் எழுந்திருப்பேன்."

டைரியை மூடினாள். என் பக்கம் முழுதாகத் திரும்பினாள். பதினைந்து வருடத்தில் அவள் அப்படிக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

"என் புருஷன நாய்னு சொல்ல நீ யாரு?"

"நான்தானே என்னையே..." என்று இழுத்தேன்.

"நீயா இருந்தா என்ன? எங்கம்மா சொல்லியிருந்தா விட்டிருப்பேனா? இந்த ரோட்டுல எவனாவது சொல்லியிருந்தா செருப்பு பிஞ்சிருக்கும். நீ சொன்னா மட்டும் நான் பொத்திக்கிட்டு இருக்கணுமா?" சொல்லும்போதே அழுதுவிட்டாள். அங்கியின் கையால் மூக்கைத் துடைத்தாள். "முப்பது சதவீதத்த அப்புறம் பேசிக்கலாம். அந்தக் கோவம் எனக்கு இன்னும் போகல, சொல்லிட்டேன். மொதல்ல இத அடி." பேனாவை என் கையில் திணித்தாள்.

இதற்கு என்ன பதில் சொல்வது என்று என் எந்த நோட்டிலும் எழுதி வைத்திருக்கவில்லை. அதனால் ஒன்றும் சொல்லவில்லை. அவள் கண்ணையும் பார்க்கவில்லை. வேப்பமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கச் சொல்லி அவளும் கேட்கவில்லை. கார் நிறுத்துமிடம் காலியாகும் வரை இருவரும் அப்படியே இருந்தோம். எனக்கு இருந்த களைப்பு அதனால் கூடவில்லை என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது.

பிறகு அன்றைய பக்கத்தைத் திறந்து என் பெயருக்கு எதிரே இருந்ததை அடித்தேன். "நாயே" என்பது இரண்டு இடத்தில் இருந்தது. இரண்டையும் தாள் கிழிகிற மாதிரி அடித்தேன். இப்போது ஆல்வின் என்ற பெயர் மட்டும் மிச்சம் இருந்தது, பக்கத்தில் வெறும் இடம். நல்லதாக நாலு வார்த்தை எழுதலாம் என்று பார்த்தால் ஒன்றும் வரவில்லை. எனக்கு அதில் பழக்கம் கிடையாது. மேலே இருந்த பெயர்களைப் பார்த்தேன். முழங்கால், பிரசவம், பேரன். ஊரில் உள்ள எல்லாரையும் விசாரித்திருக்கிறேன்.

ஆகவே அதே மாதிரி எழுதினேன். "ஆல்வின். என்ன ஆச்சு என்று கேட்கவும்."

நிமிடம் எதுவும் போடவில்லை.